பூச்சிகளையும் காட்டுப்பூக்களையும் நெருங்கிப் படமெடுக்க: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மேக்ரோ, அதாவது சிறியவற்றை மிக நெருங்கிப் பெரிதாகப் படமெடுக்க விரும்புபவர் முதலில் கேட்கும் கேள்வி, பெரும்பாலும், எந்த லென்ஸ் வாங்கலாம் என்பதுதான். அதற்குக் கிடைக்கும் பதில்களில் பலவும் குளிர்நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் ஊரை மனத்தில் வைத்துச் சொன்னவை. அங்கே பருவம் வேறு, பூச்சி வேறு, விலை வேறு, காட்டுக்குள் நுழைவதற்கான விதிகளும் வேறு. தமிழ்நாட்டில் தொடங்குபவருக்கு வேண்டிய தகவல்கள் கேமராக் கடையில் கொஞ்சம், வனத்துறை அலுவலகத்தில் கொஞ்சம், அனுபவமுள்ள படக்காரர்களிடம் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடிச் சேர்ப்பதற்குள் எனக்குப் பணமும் காலமும் நிறையவே செலவாயின. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பணத்தை முதலில் ஒளிக்கும், நேரத்தை முதலில் வீட்டருகே உள்ள செடிகளுக்கும் கொடுங்கள், விலையுயர்ந்த லென்ஸும் தொலைதூரக் காடும் பிறகு வரட்டும்.

யானை, மான், கரடி போன்றவற்றைப் படமெடுப்பது இந்தக் கட்டுரையில் இல்லை. அவற்றுக்கு நீண்ட டெலிஃபோட்டோ லென்ஸும் பாதுகாப்பான தொலைவும் வேண்டும். இங்கே சொல்லப்போகும் கருவிகளுடன் அவற்றை நெருங்குவது உயிருக்கே ஆபத்து. பூச்சி, சிலந்தி, தவளை, ஓணான், காட்டுப்பூ ஆகியவையே நம் வேலை.

1. முதலில் செடிகளை அறிந்துகொள்ளுங்கள்

பூச்சியைத் தேடி நடப்பவருக்குப் பூச்சி கிடைப்பது அரிது; அது முட்டையிடும் செடியின் அருகே காத்திருப்பவருக்கு அது தானே வந்து சேரும். எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடும். எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் எலுமிச்சை அழகிப் பட்டாம்பூச்சியின் புழுக்களைக் காணலாம். இளம்பருவத்தில் அவை பறவையின் எச்சத்தைப் போலவே தோன்றுவதால், தெரியாதவர் கண்ணில் படுவதில்லை. ஆவாரையில் வெளிர்மஞ்சள் நிறப் பட்டாம்பூச்சிகள் முட்டையிடும். வயல்வரப்பில் படர்ந்திருக்கும் ஆடுதீண்டாப்பாளையைத் தேடி, சிவந்த உடலும் கறுத்த இறக்கைகளும் கொண்ட அழகி வகைப் பட்டாம்பூச்சிகள் வரும். தேனுக்காக வருபவற்றைப் பார்க்க வேண்டுமானால், வெட்டுக்காயப் பூண்டு அடர்ந்திருக்கும் ஒரு காலிமனை போதும். கிலுகிலுப்பைச் செடிகள் இருக்கும் இடத்தில் நீல வரியன் போன்ற பட்டாம்பூச்சிகளின் ஆண்கள் கூட்டமாக வந்து, செடியின் வேதிப்பொருளை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் அருகே சென்றாலும் அவை எளிதில் கலைவதில்லை.

ஆகவே முதல் மாதத்தில் கேமரா இல்லாமலேயே வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் செடிகளைப் பார்த்துவையுங்கள். எந்தச் செடியில் எந்த நேரத்தில் எது வருகிறது என்பதைக் கைப்பேசியிலேயே குறித்துக்கொள்ளலாம். மொட்டைமாடித் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்தால், முட்டையிலிருந்து பட்டாம்பூச்சி வரை முழு வாழ்க்கைச் சுழற்சியையும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வீட்டிலேயே படமெடுத்துவிட முடியும். செலவு ஒரு கன்றின் விலை மட்டுமே.

2. உருப்பெருக்கம் என்பதைப் புரிந்துகொண்ட பிறகே கடைக்குச் செல்லுங்கள்

கேமராவின் சென்சாரில் (ஒளியைப் பதிவுசெய்யும் சில்லு) விழும் பிம்பம், பொருளின் உண்மையான அளவுக்குச் சமமாக இருந்தால் அது 1:1, அதாவது உயிரளவு. ஃபுல் ஃபிரேம் என்னும் பெரிய வகைச் சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர். தொடக்கநிலைக் கேமராக்களில் உள்ள ஏபிஎஸ்-சி சென்சாரின் அகலம் 22 முதல் 24 மில்லிமீட்டர் வரை. உங்கள் கருவி எவ்வளவு பெருக்குகிறது என்பதை அறிய ஒரு பள்ளிக்கூட அளவுகோலைப் படமெடுத்துப் பாருங்கள். படத்தின் அகலத்தில் தெரியும் மில்லிமீட்டர்களின் எண்ணிக்கையால் சென்சாரின் அகலத்தை வகுத்தால் உருப்பெருக்கம் கிடைத்துவிடும். பெட்டியின்மேல் 'மேக்ரோ' என்று அச்சிட்டு விற்கப்படும் பல ஜூம் லென்ஸ்கள் இந்தச் சோதனையில் 1:4 அளவை, அதாவது கால் உயிரளவைக்கூடத் தாண்டுவதில்லை என்பதை அப்போது அறிந்துகொள்வீர்கள்.

எல்லாவற்றுக்கும் உயிரளவு தேவையில்லை. இறக்கை விரிந்த நிலையில் ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள பட்டாம்பூச்சிக்கு ஃபுல் ஃபிரேமில் அதில் பாதியே போதும், ஏபிஎஸ்-சியில் இன்னும் குறைவே போதும். அதைவிட நெருங்கினால் இறக்கை சட்டகத்துக்கு வெளியே போய்விடும். செங்காந்தள் போன்ற பூக்களுக்கு அதைவிடக் குறைவாகவே வேண்டும். எறும்பு, குதிக்கும் சிலந்தி, பூச்சிகளின் கண் ஆகியவற்றுக்குத்தான் உயிரளவும் அதற்கு மேலும் தேவைப்படும். நீங்கள் எதை எடுக்க விரும்புகிறீர்கள் என்பதே எவ்வளவு செலவு என்பதை முடிவுசெய்யும்.

3. கருவிகளை இந்த வரிசையில் வாங்குங்கள்

கீழே உள்ள விலைகள் தோராயமானவை. கடைக்குக் கடையும் மாதத்துக்கு மாதமும் மாறுபவை. புதிய பொருள் வாங்கும்போது, சொல்லப்படும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களிடம் ஏற்கெனவே லென்ஸ் மாற்றும் கேமராவும் ஒரு 50 மிமீ லென்ஸும் இருந்தால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரிவர்ஸ் ரிங் வாங்கி லென்ஸைத் தலைகீழாகப் பொருத்தினாலே ஏறக்குறைய உயிரளவு கிடைத்துவிடும். இதில் ஒரு பொறி உண்டு: இன்றைய லென்ஸ்களில் அபெர்ச்சரை (ஒளி நுழையும் துளை) கேமராவே மின்வழியாகவோ நெம்புகோல் வழியாகவோ இயக்குவதால், தலைகீழாக மாட்டியதும் அந்தத் தொடர்பு அறுந்துபோகும். அபெர்ச்சர் வளையம் உள்ள பழைய கைமுறை லென்ஸ் கிடைத்தால் இந்தத் தொல்லை இராது.

அடுத்தது எக்ஸ்டென்ஷன் டியூப். இது கண்ணாடி ஏதுமில்லாத வெற்றுக்குழாய். லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளி வைப்பதே இதன் வேலை. குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் (50 மிமீ என்பது போன்ற எண்) வகுத்தால் கூடுதலாகக் கிடைக்கும் உருப்பெருக்கம் தெரியும். 50 மிமீ லென்ஸில் 25 மிமீ குழாய் பொருத்தினால் கூடுதலாகப் பாதி உயிரளவு கிடைக்கும். மின் தொடர்பு உள்ளவை 2,000 ரூபாய் முதல் 4,000 ரூபாய் வரை இருக்கும். மின் தொடர்பு இல்லாத மலிவுக் குழாய்கள் பெரும்பாலான லென்ஸ்களுக்குப் பயன்படா.

55-250 மிமீ அல்லது 70-300 மிமீ போன்ற ஜூம் லென்ஸ் வைத்திருப்பவருக்கு என் பரிந்துரை ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்னும் சிறு கண்ணாடிதான். இது 8 டயாப்டர் (கண்ணாடியின் குவிக்கும் திறனை அளக்கும் அலகு) திறனுள்ளது. லென்ஸின் முன்பக்கத்தில் கவ்வி போல மாட்டிக்கொள்ளலாம். 250 மிமீ நிலையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு உருப்பெருக்கம் தரும். பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கக்கூடிய கருவிகளில் இதற்கு இணையானதை நான் பார்த்ததில்லை. தொடக்கநிலையில் அந்த இரண்டு மடங்கு அதிகமாகத் தோன்றினால், அதன் தம்பியான டிசிஆர்-150 கையாள எளிது. பட்டாம்பூச்சிக்கும் தட்டானுக்கும் அதுவே பொருத்தம்.

90 முதல் 105 மிமீ வரையிலான தனி மேக்ரோ லென்ஸை இவற்றுக்கெல்லாம் பிறகு வாங்குங்கள். உயிரளவில் இதன் முனைக்கும் பூச்சிக்கும் இடையே ஒரு சாணுக்குக் குறைவாகவே இடைவெளி இருக்கும். 60 மிமீ மேக்ரோவில் அந்த இடைவெளி இன்னும் குறைந்து, லென்ஸின் நிழலே பூச்சியின்மேல் விழத் தொடங்கும். அதனால் விலை குறைவு என்பதற்காக மட்டும் 60 மிமீ வாங்க வேண்டாம். பழையது 25,000 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. புதியது 40,000 ரூபாயிலிருந்து லட்சத்தைத் தாண்டும்.

கைப்பேசி மட்டும் வைத்திருப்பவர், ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் கிளிப் லென்ஸுடன் தொடங்கலாம். பூச்சிக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் அருகே செல்ல வேண்டியிருக்கும் என்பதால் பறப்பவை சிக்குவது கடினம்; புழு, சிலந்தி, பூ ஆகியவை நன்றாகவே கிடைக்கும்.

4. பழைய லென்ஸ் வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கடலோர ஊர்களில் பயன்படுத்தப்பட்ட லென்ஸ்களுக்குப் பூஞ்சையே முதல் எதிரி. கைப்பேசியின் டார்ச்சை லென்ஸின் ஒரு முனையிலிருந்து சாய்வாக அடித்து மறுமுனை வழியாகப் பாருங்கள்; சிலந்தி வலை போன்ற இழைகள் தென்பட்டால், விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள். தூசி ஒன்றிரண்டு இருப்பதால் படத்துக்குக் கேடு இல்லை.

அசல் பில், அதில் உள்ள வரிசை எண், லென்ஸின் மேல் பொறிக்கப்பட்ட வரிசை எண் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பில் இல்லை என்றால் விற்பவரின் அடையாள அட்டை நகலோடு, பொருளின் பெயர், எண், தொகை, தேதி குறித்த ஒரு கையெழுத்துத் தாளாவது வாங்கிக்கொள்ளுங்கள். திருட்டுப் பொருள் என்று பின்னால் தெரியவந்தால் உங்களிடம் காட்ட ஏதாவது இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து தனிப்பட்ட முறையில் கொண்டுவரப்பட்ட லென்ஸுக்கு இந்தியாவில் உத்தரவாதம் கிடைக்காமல் போகலாம் என்பதையும் விலை பேசும்போது கணக்கில் கொள்ளுங்கள். காப்பீடு எடுக்கவும், திருட்டுப் புகார் கொடுக்கவும் இந்த ஆவணங்களே கேட்கப்படும் என்பதால், அவற்றின் படங்களைத் தனிக் கோப்பில் சேமித்துவையுங்கள்.

5. ஒளிக்குச் செலவு செய்யுங்கள்

புதியவர்களின் படங்கள் மங்கலாக இருப்பதற்கு அவர்கள் லென்ஸைக் குறை சொல்வார்கள். உண்மையில் பத்தில் ஒன்பது படங்களில் குறை ஒளியில்தான் இருக்கும். காரணம் எளிது. உயிரளவில் லென்ஸ் வழியாகச் சென்சாரை எட்டும் ஒளி வெகுவாகக் குறைகிறது: அபெர்ச்சரை எஃப் 11 (எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்) என்று அமைத்தால் நடைமுறையில் அது எஃப் 22 போலவே செயல்படும். அதே நேரத்தில் கையின் சிறு நடுக்கமும் பூச்சியோடு சேர்ந்து பெரிதாகத் தெரியும். வெளிச்சமோ குறைவு, ஷட்டரோ (ஒளியை உள்ளே விட்டு மூடும் திரை) வேகமாக மூட வேண்டும் என்ற இந்த நெருக்கடியைத் தீர்ப்பது ஃபிளாஷ் மட்டுமே. குறைந்த சக்தியில் ஃபிளாஷின் ஒளி சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிதான் நீடிக்கும். நடுக்கத்தை உறையவைப்பது அந்தக் கணநேர ஒளியே. விலையுயர்ந்த தானியங்கி வசதிகள் தேவையில்லை; கைமுறையாகச் சக்தியை மாற்றக்கூடிய, ஐந்தாறாயிரம் ரூபாய் விலையுள்ள ஒரு ஃபிளாஷ் போதும்.

ஆனால் ஃபிளாஷை அப்படியே அடித்தால் வண்டின் முதுகில் வெள்ளைப் பொட்டு விழும்; அந்தப் பொட்டுக்குள் நிறமும் இல்லை, நுட்பமும் இல்லை. பளபளப்பான உடல், ஒளிமூலத்தின் வடிவத்தைத்தான் திருப்பிக் காட்டுகிறது; ஆகவே ஒளிமூலம் பூச்சிக்கு மிகப் பெரியதாகவும் மிக அருகிலும் இருக்க வேண்டும். அதற்குத்தான் டிஃப்யூசர் என்னும், ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் திரை. கடையில் இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்பதை நீங்களே வீட்டில் செய்துகொள்ளலாம்: பார்சல்களில் பொருளைச் சுற்றிவரும் மெல்லிய வெள்ளை நுரைத்தாளை, ஃபிளாஷிலிருந்து லென்ஸின் முனைக்குச் சற்று வெளியே வரை வளைந்து தொங்கும்படி கட்டுங்கள். ஃபிளாஷின் வாயில் ஓர் அடுக்கும், அதற்குச் சில சென்டிமீட்டர் தள்ளி இன்னோர் அடுக்குமாக இரண்டு இருந்தால் ஒளி சமமாகப் பரவும். பூச்சியின் கண்ணில் உள்ள பிரதிபலிப்பைப் பெரிதாக்கிப் பார்த்தாலே உங்கள் டிஃப்யூசர் தேறிவிட்டதா என்று தெரிந்துவிடும். நடுவில் மட்டும் பிரகாசமான பொட்டாகத் தெரிந்தால் இன்னோர் அடுக்கு வேண்டும்.

பின்னணி கறுப்பாகிப்போவது அடுத்த குறை. ஃபிளாஷ் ஒளி அருகில் இருப்பதை மட்டுமே தொடும். தொலைவில் உள்ள இலைகளை எட்டாது. பூச்சிக்குப் பின்னால் ஒரு சாண் தொலைவில் இலையோ தண்டோ இருக்கும் கோணத்தைத் தேர்ந்தெடுங்கள், அல்லது ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளியுணர்திறன்) கூட்டி இயற்கை ஒளியையும் சற்று உள்ளே விடுங்கள். பூக்களுக்கு மட்டும் என் கருத்து வேறு: காற்றில்லாத காலையிலும், மேகம் மூடிய நாளிலும், ஒரு டிரைபாட் இருந்தால் ஃபிளாஷே வேண்டாம். மேகத்தைவிடப் பெரிய டிஃப்யூசர் கிடையாது.

6. அமைப்புகளும் ஃபோகஸும்

கேமராவை எம் (கைமுறை) நிலையில் வையுங்கள். ஷட்டர் 1/200 நொடி, அபெர்ச்சர் எஃப் 8 முதல் எஃப் 11, ஐஎஸ்ஓ 200 முதல் 400, ஃபிளாஷ் சக்தி 1/16 என்று தொடங்கி, முதல் படத்தைப் பார்த்துவிட்டுச் சக்தியை மட்டும் கூட்டிக் குறையுங்கள். எஃப் 16, எஃப் 22 என்று போனால் எல்லாமே கூர்மையாகிவிடும் என்று நினைப்பது பொதுவான தவறு. சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் படம் முழுவதுமே மென்மையாகிப்போகும்.

ஃபுல் ஃபிரேம் கேமராவில் உயிரளவில், எஃப் 11 வைத்தால்கூட, கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய ஒன்றேகால் மில்லிமீட்டர்தான். இரண்டு மடங்கில் அது அரை மில்லிமீட்டராகிவிடும். இந்த நிலையில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டிருக்குமே தவிர நிற்காது. அதை அணைத்துவிட்டு, தேவையான உருப்பெருக்கத்தில் ஃபோகஸ் வளையத்தை நிறுத்திவிடுங்கள். பிறகு உடலை மட்டும் மெதுவாக முன்னால் சாய்த்து, கண் கூர்மையாகும் கணத்தில் அழுத்துங்கள். மூச்சை வெளியே விட்டு நிறுத்திய நிலையில் அழுத்தினால் நடுக்கம் குறையும்.

பூச்சி உட்கார்ந்திருக்கும் தண்டை இடது கையின் இரண்டு விரல்களால் மெல்லப் பிடித்துக்கொண்டு, அதே கையின்மேல் லென்ஸைச் சாய்த்துவைப்பதே நான் கற்றவற்றில் மிகவும் பயனுள்ள உத்தி. காற்றடித்தாலும் தண்டும் லென்ஸும் சேர்ந்தே ஆடும் என்பதால் ஃபோகஸ் விலகாது. தண்டைத் தொடும் முன் அது செந்தட்டியா என்றும், அடியில் கம்பளிப்பூச்சி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். டிரைபாட் பூக்களுக்கும் காளான்களுக்கும் உதவும். பூச்சிக்காக அதை விரித்து நிறுத்துவதற்குள் பூச்சி போய்விடும்.

கோணத்தைப் பொறுத்தவரை இரண்டே விதிகள். பூச்சியின் கண்மட்டத்துக்கு இறங்குங்கள். மேலிருந்து எடுக்கும் படம் அடையாளம் காண மட்டுமே உதவும். இறக்கையை மூடிய பட்டாம்பூச்சியின் இறக்கைத் தளத்துக்குச் சென்சார் இணையாக இருக்கும்படி நில்லுங்கள்; அப்போது அந்த மெல்லிய ஆழத்துக்குள்ளேயே இறக்கை முழுவதும் அடங்கிவிடும்.

வெவ்வேறு ஃபோகஸில் பல படங்கள் எடுத்து, ஹெலிகான் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருளால் ஒன்றிணைக்கும் முறையைத் தொடக்கத்தில் தள்ளிவைப்பது நல்லது. ஒரே படத்தில் கண்ணைக் கூர்மையாகப் பிடிக்கக் கை பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

7. நேரமும் பருவமும்

பூச்சிகளுக்கு உடல்வெப்பம் வெளியிலிருந்துதான் கிடைக்கிறது; விடியற்காலையில் அவை குளிர்ந்து அசையாமல் இருக்கும். ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை புல்நுனியில் பனியுடன் உறங்கும் தட்டான்களையும் ஊசித்தட்டான்களையும் எடுக்கலாம். எட்டுக்கு மேல் பட்டாம்பூச்சிகள் இறக்கையை விரித்து வெயில் காயும்; மேற்புறத்தை எடுக்க அந்த அரைமணி நேரமே வாய்ப்பு. ஒன்பதரைக்கு மேல் எல்லாம் பறக்கத் தொடங்கிவிடும், காற்றும் எழும், வீடு திரும்பிவிடலாம். இரவில் தலைவிளக்குடன் தோட்டத்தைச் சுற்றினால் சிலந்தி, கும்பிடுபூச்சி, விட்டில் ஆகியவை பகலைவிட அமைதியாக நிற்கும்.

சமவெளியில் சிறந்த காலம், முதல் மழைக்குப் பின்னரான செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை. வடகிழக்குப் பருவமழையின் இடைவெளி நாள்களில், அதாவது மழை ஓய்ந்து வெயிலடிக்கும் முதல் காலையில், வேறு வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். செங்காந்தள் பூப்பதும் கார்த்திகையை ஒட்டிய இந்தக் காலத்தில்தான். ஏப்ரல், மே மாதங்களில் சமவெளியில் நீர்நிலை ஓரங்களைத் தவிர மற்ற இடங்களில் ஏமாற்றமே மிஞ்சும். குறிஞ்சிக்காகத் திட்டமிடுபவர், 2018இல் பூத்த நீலக்குறிஞ்சி அடுத்து 2030இல்தான் பரவலாகப் பூக்கும் என்பதை மனத்தில் கொள்ளவும். வேறு குறிஞ்சி வகைகள் இடையிடையே பூப்பதுண்டு.

8. அனுமதியும் ஆவணங்களும்

இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். இடத்தின் வகையை முதலில் அறிந்துகொள்ளுங்கள். அனுமதி தருபவர் அதைப் பொறுத்தே மாறுகிறார்.

பூங்காக்களில் நுழைவுச்சீட்டோடு கேமராவுக்குத் தனிச்சீட்டு கேட்பது வழக்கம். கைப்பேசிக்குப் பெரும்பாலும் இல்லை. பெரிய வெள்ளை டிஃப்யூசருடன் உள்ளே போனால் காவலர் உங்களைத் திருமணப் படப்பிடிப்புக்காரர் என்று எண்ணித் தொழில்முறைக் கட்டணம் கேட்கக்கூடும். கையிலுள்ள பழைய பூச்சிப் படங்களைக் கைப்பேசியில் காட்டினால் பெரும்பாலும் விளங்கிக்கொள்வார்கள். சிலர் மறுநாள் ஒரு புதுப் பூச்சியைத் தாங்களே காட்டித் தருவதும் உண்டு. திருச்சியில் ஸ்ரீரங்கம் அருகே உள்ள வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடக்கநிலைக்கு மிகவும் ஏற்றது.

காப்புக்காடுகளுக்குள் அனுமதியின்றி நுழைவது, தமிழ்நாடு வனச் சட்டம் 1882இன்படி குற்றம். வேலி இல்லை, பலகை இல்லை என்பது காரணமாக ஏற்கப்படாது. மலையேறிச் செல்ல விரும்புபவருக்கு, 2024 அக்டோபரில் மாநில அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டம் எளிய வழி: 40 பாதைகள், இணையத்தில் முன்பதிவு, உள்ளூர் வழிகாட்டி. காட்டுத்தீ அபாயமுள்ள கோடைத் தொடக்க மாதங்களில் பாதைகள் மூடப்படும் என்பதால் தேதியை உறுதிசெய்த பிறகே விடுப்பு எடுங்கள். குழுவாக நடக்கும்போது ஒரு பூச்சிக்காக அரைமணி நேரம் நிற்க முடியாது என்பதையும் எதிர்பார்த்துச் செல்லுங்கள்.

சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள் ஆகியவற்றில், சுற்றுலாப் பயணிகளுக்கென ஒதுக்கிய பகுதிக்குள் சீட்டு வாங்கி எடுப்பது ஒன்று. அதற்கு அப்பால் சென்று எடுப்பது வேறு. இரண்டாவதற்கு, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் 28ஆம் பிரிவின்கீழ், தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். புலிகள் காப்பகங்களில் இன்னும் கண்டிப்பு அதிகம். விண்ணப்பத்தோடு பின்வருவனவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: நோக்கத்தை ஒரே பக்கத்தில் விளக்கும் கடிதம், செல்லும் இடங்களும் தேதிகளும், உடன் வருவோரின் பெயர்ப் பட்டியல், ஒவ்வொருவரின் அடையாள அட்டை நகல், வரிசை எண்களுடன் கருவிகளின் பட்டியல், வாகன எண், விதிகளுக்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழி. ஏதேனும் கல்லூரி அல்லது ஆய்வமைப்போடு சேர்ந்து செய்தால் அவர்களின் பரிந்துரைக் கடிதத்தையும் இணையுங்கள்.

முதலில் அந்தப் பகுதி மாவட்ட வன அலுவலகத்துக்கு நேரில் சென்று, யாருக்கு முகவரியிட வேண்டும், கட்டணம் எவ்வளவு, எப்படிச் செலுத்துவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முகவரி தவறிய கடிதம் மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் தேதியிட்ட பெறுகை முத்திரையுடன் நகல் வாங்குங்கள். குறைந்தது ஒரு மாதம், பெரிய விண்ணப்பமானால் இரண்டு மாதம் முன்னதாகக் கொடுப்பது நல்லது. அனுமதி கிடைத்ததும், வனச்சரகரிடம் ஒரு நகலைக் கொடுத்து, செல்லும் நாளுக்கு முந்தைய நாள் அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிடுங்கள். சோதனைச்சாவடியில் நிற்பவருக்கு உங்கள் கடிதத்தைப் பற்றி ஏதும் தெரியாமல் இருப்பது சகஜம்.

நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ சொந்த வாகனத்தில் செல்பவர், 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவின்படி வந்த இ-பாஸ் நடைமுறையைப் பயணத்துக்கு முன் சரிபார்த்துக்கொள்ளவும்.

தனியார் வயல், தோப்பு, தேயிலைத் தோட்டம் ஆகியவற்றில் உரிமையாளரிடம் வாய்மொழியாகக் கேட்டாலே போதும்; கேட்காமல் போவதுதான் சண்டையில் முடியும். குளக்கரையில் குளிக்குமிடங்களின் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள். நீங்கள் தட்டானைத்தான் எடுத்தீர்கள் என்று பிறகு விளக்கிக்கொண்டிருப்பது கடினம். அணை, ரயில் பாதை, இராணுவப் பகுதி ஆகியவற்றின் அருகே எச்சரிக்கைப் பலகையைப் பார்த்துவிட்டுக் கேமராவை வெளியே எடுங்கள்.

9. உடலுக்குப் பாதுகாப்பு

புல்லில் முழங்காலிட்டும் படுத்தும் வேலை செய்வதால், மற்றவர்களுக்கு இல்லாத ஓர் ஆபத்து நமக்கு உண்டு: ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல். புதர்களில் வாழும் மிகச்சிறு உண்ணியினத்தின் இளம்பருவம் கடிப்பதால் இது பரவுகிறது. மழைக்காலத்திலும் அதை அடுத்த குளிர்மாதங்களிலும் தமிழ்நாட்டில் அதிகம் காணப்படுகிறது. காட்டுக்குப் போய்வந்த ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் கடுங்காய்ச்சல் வந்தால், உடலில் எங்காவது கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு வரை பாருங்கள். புதரில் படுத்து வேலை செய்ததை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே கண்டறிந்தால் எளிய மாத்திரையிலேயே குணமாகும். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம் வரை பாதிக்கும். முழுக்கைச் சட்டை, காலுறைக்குள் செருகிய பேன்ட், விரித்துப் படுக்க ஒரு தார்ப்பாய், வீடு திரும்பியதும் குளியல் ஆகியவையே தடுப்பு.

பூச்சிவிரட்டி பூசும்போது கவனம் தேவை: டீட் என்னும் வேதிப்பொருள் உள்ளவை கேமராவின் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் இளக்கிவிடும். பூசியதும் உள்ளங்கையைக் கழுவிவிட்டுத்தான் கருவியைத் தொட வேண்டும்.

முழங்காலிடும் முன் அந்த இடத்தைக் குச்சியால் தட்டிப் பாருங்கள். கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் சருகோடு சருகாகக் கிடக்கும். கடித்தால் கட்டுப்போடுவதும் கீறுவதும் வேண்டாம். 108ஐ அழைத்து, பாம்புக்கடி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மலைத்தேனீக் கூடுகளின் அருகே ஃபிளாஷ் அடிக்க வேண்டாம். யானை நடமாட்டமுள்ள பகுதியில் வியூஃபைண்டருக்குள் மூழ்கியிருப்பவர் சுற்றுப்புறத்தை மறந்துவிடுவார். அங்கே ஒருவர் காவல் பார்க்க, ஒருவர் படமெடுப்பதே முறை.

10. உயிரினத்துக்குக் கேடு செய்யாதீர்கள்

பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து அசைவற்றதாக்கி எடுப்பது, பசையால் ஒட்டுவது, தவளையை நூலால் கட்டி விநோத நிலையில் நிறுத்துவது எல்லாம் நடக்கின்றன. தேர்ந்த கண்ணுக்கு இவை உடனே தெரிந்துவிடும். பட்டாம்பூச்சிகள் பலவும் பாம்புகள் பலவும் சட்டப் பட்டியலில் இருப்பதால், பிடிப்பதே தண்டனைக்குரியதாகலாம். பூவைப் பறித்து வேறிடத்தில் வைக்காதீர்கள். குறுக்கே வரும் புல்லை ஒடிக்காமல் துணிக் கிளிப்பால் ஒதுக்கிப் பிடித்து, முடிந்ததும் விட்டுவிடுங்கள். பறவைக் கூட்டைக் கண்டால் விலகிச் செல்லுங்கள். மறைப்பை விலக்கி எடுத்த கூட்டைக் காகமும் வல்லூறும் உங்களுக்குப் பின்னாலேயே கண்டுபிடிக்கும்.

அரிய ஆர்க்கிட் அல்லது பெருஞ்சிலந்தி கிடைத்தால், படத்தோடு சேர்ந்துள்ள ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிட்டே பகிருங்கள். சேகரிப்பவர்களும் வியாபாரிகளும் அவற்றைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

11. வீடு திரும்பிய பின்

ஈரமான லென்ஸைப் பைக்குள்ளேயே விட்டால் பூஞ்சை நிச்சயம். காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், முன்னூறு ரூபாய் ஈரப்பதமானி ஆகியவற்றை வாங்கி, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மின்சார உலர்பெட்டி ஏழெட்டாயிரம் ஆகும். இரண்டு நல்ல லென்ஸ் சேர்ந்த பிறகு அது வீண்செலவு அல்ல. விமானத்தில் செல்லும்போது உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு படத்துக்கும் தேதி, இடம், செடி ஆகியவற்றைக் குறித்து, ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவேற்றினால் பெயர் கண்டறிய உதவி கிடைக்கும். அங்கே இருப்பிடத்தை மறைக்கும் வசதியும் உண்டு. அடையாளம் காண ஒரு கோணம் போதாது: இறக்கையின் மேற்புறம், கீழ்ப்புறம், பக்கவாட்டு, முகம் என்று நான்கையும் எடுக்கப் பழகுங்கள். ரா வடிவக் கோப்புகளை (கேமரா பதிவுசெய்யும், திருத்தப்படாத மூலக்கோப்புகள்) அழிக்க வேண்டாம். பெரிய இயற்கைப் படப் போட்டிகளில் இறுதிச் சுற்றுக்குத் தேர்வானவரிடம் அசல் கோப்பைக் கேட்பார்கள், அது இல்லாவிட்டால் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விலக்கிவிடுவார்கள்.